பதினோரு ஒன்றுகள்

அன்புள்ள அருளுக்கு அம்மா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ, "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாய். கடிதத்தை அப்படி வெட்டிவிட முடியாது. இன்னும் பத்து நாளில் உனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது மாமியார் சொன்னதாகிவிடும். இப்போது சொன்னால் வெறும் அம்மா சொன்னதுதான். அதனால்தான் இந்த அவசரம். மண்டபக்காரர், சமையல்காரர், பத்திரிகை அச்சடித்தவர் எல்லோரும் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார்கள். உங்கப்பா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, அது காயும்வரை யாரும் வரக்கூடாது என்று கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார். நான் மோட்டார் கொட்டகைக்கு வந்துவிட்டேன். நான் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதும், பதினாறு நாள் கழித்து ஒரு மத்தியானம் உன்னைக் கூப்பிட்டு "சரி, தேதி பாரு" என்று சொன்னதும் உனக்குத் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. ஆகவே உனக்குத் தெரிந்தது பாதிதான், தாவிப் படிக்காதே.

நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தக் குறுவைக்கு நம் பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்ட்டைக் காலை நேரத்தில் விட்டார்கள். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். வோல்டேஜ் இறங்கினால் அணைக்கவேண்டும், ஒரு வயல் நிரம்பியதும் மடையை மாற்றி அடுத்த வயலுக்குத் தண்ணீரைத் திருப்பவேண்டும். உங்கப்பாவுக்கு ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாது. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. உன் பழைய நோட்டுகளைப் பேப்பர்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிவிடலாம் என்று கொட்டகைக்கு எடுத்துப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ ஒரு ஒன்று, அதற்குக் கீழே இரண்டு ஒன்று, அதற்குக் கீழே மூன்று ஒன்று என்று பதினோரு வரி எழுதி வைத்திருந்தாய். கயிறு கட்டி நட்ட நடவு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எதனால் வகுபடும் என்று போட்டிருந்தாய். மூன்று ஒன்றுக்கு 3 × 37. ஐந்து ஒன்றுக்கு 41 × 271. ஏழு ஒன்றுக்கு 239 × 4,649. இதை அந்த வயதில் நீயாகவே கண்டுபிடித்தாயா, யாரையாவது பார்த்து எழுதினாயா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்காமலிருந்தால் பெருமைப்பட வசதி. கடைசி வரியில், பதினோரு ஒன்றுக்குப் பக்கத்தில், ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

11111111111. ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது, இன்னொரு தடவை சொன்னேன். நான்கு ஒன்றுகள் இருந்தால் இரண்டிரண்டாகப் பிரிக்கலாம், அதனால் அது பதினொன்றால் வகுபட்டுவிடும். ஆறை மும்மூன்றாகப் பிரிக்கலாம், ஒன்பதையும் அப்படியே. பதினொன்றைச் சமமாகப் பிரிக்க வழியில்லை. அப்படியானால் இது ஒருவேளை பகா எண்ணாக இருக்கலாம் அல்லவா? தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எந்த எண்ணையும் உள்ளே விடாத எண். உனக்குத் தெரியும், பிளஸ் டூவில் நான் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று இப்போதும் சில நாள் சாம்பார் கொதிக்கும்போது யோசிப்பேன். மேலே படிக்க வைக்காமல் கல்யாணம் பண்ணிவிட்டார்கள். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை.

இதன் வர்க்கமூலம் ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம். அதுவரைக்கும் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து, எதிலும் மீதி பூஜ்யம் வரவில்லையென்றால் இது பகா எண் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். அப்படி வகுக்கவேண்டிய எண்கள் ஏறக்குறைய பத்தாயிரம். ஒரு நாளைக்கு ஒன்று, கை ஓடினால் இரண்டு, நடவிலும் அறுவடையிலும் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டால் எழுபது வயதுக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கு வேறு என்ன வேலை? முதலில் ஒரு நீள நோட்டில் எண்களை வரிசையாக எழுதி, இரண்டால் போவது, மூன்றால் போவது, ஐந்தால் போவது என்று ஒவ்வொன்றாக அடித்தேன். பதர் பறந்தபிறகு களத்தில் நிற்கும் நெல் மாதிரி பகா எண்கள் மிஞ்சின. பிறகு வகுக்க ஆரம்பித்தேன். கால்குலேட்டர் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவு. ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிறவர்களைப் பற்றி நான் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தால் வேறு வழியும் இல்லை.

இந்த எண்ணால் நான் செய்த தப்புகளை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருஷம் செல்வி அக்காவின் நாற்றங்காலில் தண்ணீர் புகுந்து விதையெல்லாம் மிதந்ததே, நினைவிருக்கிறதா? பக்கத்து வயல்காரி, நம் வீட்டில் பாதி நாள் காப்பி குடிக்கிறவள். வரப்பில் எலி வளை போட்டுவிட்டது என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். உங்கப்பா இரண்டு நாள் எலிக் கிட்டி வைத்தார். எலியெல்லாம் இல்லை. 3,301-ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன், மடையை மாற்ற மறந்துவிட்டேன். வரப்பு உடைந்து செல்வி அக்கா கத்தியபிறகுதான் தலையை நிமிர்த்தினேன். ஓடும்போதும் மீதியைக் குறித்துக்கொண்டுதான் ஓடினேன்.

அதே செல்வி அக்காவால்தான் இரண்டாவது தப்பும். ஒரு நாள் கொட்டகைக்கு வந்து, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல பதினோரு ஒண்ணு? எந்தச் சாமிக்கு எழுதற?" என்று கேட்டாள்.

"சாமிக்கு இல்லக்கா. கணக்கு."

"எங்கிட்ட மறைக்காத. புள்ள வெளியூர்ல இருக்கான், அதுக்குத்தானே?" என்று சொல்லிக்கொண்டே நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு ஒருத்தியிடம் வகுத்தல் என்று எப்படிச் சொல்வது? "ஆமாக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த மாதமே, பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகளுக்காக ஒரு பக்கம் எழுதச் சொன்னாள். என் பட்டியலில் ஆயிரமாவது பகா எண் 7,919. சரி, ஆயிரமாவதை நல்ல காரியத்துக்குக் கொடுப்போம் என்று அதை அவள் கண்ணெதிரே வகுத்தேன். "என்ன வந்துச்சு?" என்றாள். "ஆயிரத்து எண்ணூத்தி ஆறு" என்றேன். "நல்லதா?" மீதி வந்தால் எனக்கு நல்லதுதானே. "நல்லதுதான்க்கா" என்றேன். பொய் சொல்லவில்லை. சுகப்பிரசவம், பெண் குழந்தை, எனக்கு ஒரு டப்பா லட்டு. அதற்குப் பிறகு தெருவே வந்தது. சுளுக்கிய காலுக்கு ஒரு பக்கம், விசாவுக்கு ஒரு பக்கம். சினை பிடிக்காத ஒரு மாட்டுக்கு 8,011. அதுவும் பிடித்துத் தொலைத்தது.

உனக்கு முதல் வருஷமே இதைப் பற்றிச் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பண்ணும்மா" என்றாய். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "எந்த எண்ல இருக்க?" என்று கேட்டாய். பத்தாயிரத்தைத் தாண்டிய சமயம் எனக்குத் தோள்பட்டை வலி வந்து, இத்துடன் விட்டுவிடலாம் என்று சொன்னபோது நீ பதறிப்போய், "விட்டுடாதம்மா. கிட்டத்தட்ட பாதி வந்துட்ட" என்றாய். லட்சத்துக்கு மேல் போகவேண்டிய இடத்தில் பத்தாயிரம் எப்படிப் பாதியாகும் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை, அருள். இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளுக்கு உறைக்கவில்லை. மகன் என்னமாய்த் தைரியம் சொல்கிறான் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மறுநாள் கொட்டகைக்குப் போனேன்.

இந்த வருஷம் "இருபத்தோராயிரத்து ஐந்நூறு தாண்டிட்டேன்" என்று சொன்னேன். உடனே நீ, "அம்மா, நான் ஒரு வாரம் லீவு போட்டுட்டு வர்றேன். கயல் வீட்டையும் அப்பவே வரச் சொல்லிடவா?" என்று கேட்டாய். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் எனக்கு உறைக்கவில்லை. பெண்ணைக் காட்ட ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனால் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார். தரங்கம்பாடியிலிருந்து கயலும் அவள் அப்பா அம்மாவும் தெர்மாகோல் பெட்டியில் வஞ்சிரம் மீனோடு வந்து இறங்கினார்கள். அவள் அப்பா படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர்; வாழ்நாளெல்லாம் எஞ்சின் பக்கத்தில் நின்றதால் நம் வீட்டுக் கூடத்தையும் நடுக்கடல் என்று நினைத்துக்கொண்டு பேசினார். எனக்கு அவரைப் பிடித்தது. கயலையும் பிடித்தது. உன் ஆபீசிலேயே டெஸ்டிங் வேலை என்றாள். அது என்ன வேலை என்று செல்வி அக்கா கேட்டதற்கு, "மத்தவங்க எழுதுன புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கணும்" என்றாள். "அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா? நாங்கல்லாம் சும்மாவே பண்றமே" என்றாள் செல்வி அக்கா. எல்லோரும் சிரித்தோம். அன்று காலையில்தான் நான் 21,617-ஐ முடித்திருந்தேன், மீதி 16,345. அடுத்தது 21,647. அதற்கடுத்தது 21,649. ஒரு கல்யாண வீட்டின் சந்தோஷம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

கயலின் அம்மா டிவி பக்கத்தில் அடுக்கியிருந்த நோட்டுகளைப் பார்த்து, "டியூஷன் எடுக்கறீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் செல்வி அக்கா, "அது மந்திரமுங்க. ரொம்ப சக்தி" என்றாள். வரப்போகிற சம்பந்தி முன்னால் நான் மந்திரவாதியாக நிற்க முடியுமா? உண்மையைச் சொன்னேன். கேள்விக்குறி, பதினோரு ஒன்று, ஆறு வருஷம், எல்லாம். கயல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "எந்த நம்பர் ஆன்ட்டி? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். ஆசையாகச் சொன்னேன், கோடியிலிருந்து ஒன்றுவரை. பாயச டம்ளரோடு வாசற்படியில் நின்ற நீ, "கயல்!" என்று கத்தினாய். காதல் என்று நினைத்தேன். அவள் அதற்குள் போனில் தட்டிவிட்டாள்.

"ஆன்ட்டி, இது பகா எண் இல்லையே. இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது இன்ட்டு அஞ்சு லட்சத்துப் பதிமூணாயிரத்து எரநூத்தி முப்பத்தொம்பது."

உங்கப்பா, "போச்சு" என்றார்.

ஒரு விஷயத்தை முதல் தடவையாகக் கேட்கிறவன் "அப்படியா?" என்பான். "போச்சு" என்று சொல்கிறவனுக்கு அது ஏற்கனவே தெரிந்திருக்கவேண்டும். நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். உன்னைப் பார்த்தேன், நீ பாயசத்தைப் பார்த்தாய். கயலின் அப்பா, "என்ன ஆச்சு? என்ன நம்பரு? ஜாதகமா? நட்சத்திரம் எதுவும் இடிக்குதா?" என்று கடற்கரைக்குக் கேட்கிறமாதிரி கேட்டார். நான் எழுந்து, கையிலிருந்த அப்பளத் தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, கொட்டகைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கரண்ட் கூட இல்லை. ஓடாத மோட்டாரைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கிளம்பியபோது வெளியே வரவில்லை. அந்த மரியாதைக்குறைவுக்கு அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்கள், நான்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றேன்.

"பொண்ணுகிட்ட என்ன குறை?" என்றார் உங்கப்பா.

"அவசரக்காரி."

"ஒரு கணக்கைச் சொன்னதுக்கா?"

"ரெண்டே ரெண்டு எண்ணுங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நானே..."

"எனக்கு எப்பலேர்ந்து தெரியும்னு கேளு."

"கேக்க மாட்டேன்."

"அஞ்சு வருஷமா."

கேட்காமலே சொல்லிவிட்டார். அது அவர் சுபாவம். தீபாவளிக்கு எனக்கு எடுத்த புடவையின் நிறத்தைக் கடையிலிருந்தே போன் பண்ணிச் சொல்கிற மனுஷன். அவர் ஐந்து வருஷம் ஒரு எண்ணை வயிற்றில் வைத்துக்கொண்டு என் எதிரே தினமும் சாப்பிட்டிருக்கிறார் என்றால் நான் யாரைத்தான் நம்புவது? நீ கல்லூரி முதல் வருஷத்திலேயே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டாயாம். அப்பாவிடம் சொல்லி, அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாயாம். நான் அந்தப் பூஜ்யத்தைப் போடும்போது பக்கத்தில் நிற்கவேண்டும் என்றுதான் லீவு போட்டு வந்தாயாம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் ஏறியது. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிக்கொண்டிருக்கிறேன், வீடே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஓர் அவமானம். அந்தக் கோபம் உன்மேல் வந்திருக்கவேண்டும். நீ என் பிள்ளை, உன்மேல் வரவில்லை. உங்கப்பாமேல் வந்து பழகிவிட்டதால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆகவே மொத்தத்தையும் அந்தப் பெண் தலையில் போட்டேன். என் தப்புகளிலேயே பெரியது இதுதான். எலிமேல் போட்டதைவிடப் பெரியது.

பதினைந்து நாள் நோட்டைத் தொடவில்லை. உன் ஞாயிற்றுக்கிழமைப் போனையும் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காலை மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வரப்பில் ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சேற்றிலும் ஒரு காலை வரப்பிலும் வைத்துத் தடுமாறி வந்துகொண்டிருந்தாள். கயல். சென்னையிலிருந்து ரயிலில் மயிலாடுதுறைக்கு வந்து, டவுன் பஸ் பிடித்து, நம் வீட்டுக்குப் போய், உங்கப்பாவிடம் வழி கேட்டு வந்திருக்கிறாள். அவள் வந்தது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

கொட்டகை வாசலில் நின்று, "உள்ள வரலாமா அத்தை?" என்றாள். ஆன்ட்டி போய் அத்தையானதைக் கவனித்தேன். "வா" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

"அன்னிக்கு நான் பண்ணது தப்பு."

"கணக்கு சரியாத்தான் இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதே அத்தை. போன் சொன்னதை அப்படியே வாசிச்சேன். எங்க வேலையில அப்படிச் செஞ்சா திட்டு விழும். நாமளே ஓட்டிப் பாக்காம தப்புன்னு எழுதக்கூடாது." பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தாள். "போனை மாமாகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். கையாலயே போட்டுப் பாக்கறேன். நீங்க பாத்தா போதும்."

"முதல்ல 21,647" என்றேன். என்னால் வாயை அடக்க முடியவில்லை. "வரிசையைத் தாண்டக்கூடாது."

அதை நானே வகுத்தேன். பதினைந்து நாள் சும்மா இருந்த கை முதலில் தடுமாறியது, பிறகு ஓடியது. மீதி 9,069. பிறகு அவள் சாக்குப்பையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து 21,649-ஆல் வகுக்க ஆரம்பித்தாள். நெடுநாளாகக் கையால் வகுத்தல் போடாதவள் என்று பார்த்ததுமே தெரிந்தது; பெருக்கலை ஓரத்தில் எழுதி எழுதிப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் வேண்டுமென்றே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"அத்தை! மீதி நூறு வருது! நூறு! வகுபடல! போன் தப்பு அத்தை!"

அவள் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஒரு நிமிஷம் எனக்கும் நெஞ்சு பொங்கியது. அப்படியானால் இன்னும் போகலாம், ஒரு லட்சம்வரை போகலாம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் கண்ணில் பட்டுவிட்டது. 84,431-லிருந்து 64,947-ஐக் கழிக்கும் இடத்தில், கடன் கொடுத்த மூன்றை இரண்டாக்காமல் விட்டிருக்கிறாள். 19,484 வரவேண்டிய இடத்தில் 19,494. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு. எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியாது. அவள் சேற்றுக்காலோடு சந்தோஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். சொன்னால் அந்த முகம் வாடிவிடும். இப்போது வேண்டாம், ஒரு வாய்க் காப்பி குடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியில் உன் ஐந்து வருஷமும் எனக்குப் புரிந்துவிட்டது, அருள். தெரிந்தவனுக்கு எத்தனை கஷ்டம் என்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ "எந்த எண்ல இருக்க?" என்று கேட்டபோது எதையெல்லாம் விழுங்கிக்கொண்டு கேட்டிருக்கிறாய் என்று.

நான் உன்னளவு பொறுமைசாலி இல்லை. அரை நிமிஷம்தான் தாங்கினேன். "இங்க பாரு, கடன் வாங்கினதைக் கழிக்கல" என்று விரலை வைத்தேன். குனிந்து பார்த்தாள். "ஐயோ" என்றாள். பேனாவை என் கையில் கொடுத்து, "நீங்க போடுங்க அத்தை" என்றாள். 19,484. பக்கத்தில் கடைசி ஒன்றை இறக்கினேன். 1,94,841. ஒன்பது தடவை 21,649 எவ்வளவு? 1,94,841. ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தி நின்றது. கழித்தேன். இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் மீதிகளுக்குப் பிறகு என் நோட்டுக்கு வந்த முதல் பூஜ்யம். தோற்றுப்போனேன் என்று அழவேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், நான் மடையை மாற்ற மறந்துவிட்டேன், செல்வி அக்கா கத்தினாள். அன்று மத்தியானம் கயலை ரயில் ஏற்றிவிட்டு வந்துதான் உனக்குப் போன் பண்ணினேன்.

அவள் அந்தக் கடனை உண்மையிலேயே மறந்தாளா, இல்லை என் கையால் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்தாளா என்று எனக்குத் தெரியாது. தப்பு கண்டுபிடிக்கிறவளுக்குத் தப்பைச் செய்யவும் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஒரே ஒரு புத்திமதிதான் சொல்லப்போகிறேன். நீ என்னிடம் மறைத்தது அன்பால்தான், அதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. நீ முதல் வருஷமே சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஆறு வருஷக் காலைகள் கிடைத்திருக்காது. அதற்காக உனக்கு நன்றிகூடச் சொல்வேன். ஆனால் பெண்டாட்டியிடம் இதைப் பழகாதே. அம்மா பதினைந்து நாள் கோபித்துக்கொண்டு கொட்டகையில் உட்காருவாள், அவ்வளவுதான். பெண்டாட்டி அப்படியில்லை, அவள் உன் கூடவே உட்கார்ந்திருப்பாள். அவளிடம் எதையாவது மறைக்கத்தான் வேண்டுமென்றால் அரை நிமிஷத்துக்கு மேல் மறைக்காதே. என்னால் முடிந்த அளவு அதுதான், உனக்கும் அது போதும்.

இன்னொரு விஷயம், இதை உன்னிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. போன வாரம் உன் பழைய பக்கத்தையும் இந்தப் புதுப் பூஜ்யத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஒன்றுக்கு 41, 271. இரண்டையும் ஐந்தால் வகுத்தால் மீதி ஒன்று. ஏழு ஒன்றுக்கு 239, 4,649. ஏழால் வகுத்தால் இரண்டிலும் மீதி ஒன்று. 21,649-ஐயும் 5,13,239-ஐயும் பதினொன்றால் வகுத்தேன். மீதி ஒன்று, மீதி ஒன்று. மூன்று ஒன்றில் அந்த மூன்று மட்டும் ஒட்டாமல் நிற்கிறது, 37 சரியாக வருகிறது. பதின்மூன்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 53-ஆல் போகிறது, 79-ஆலும் போகிறது, இரண்டிலும் பதின்மூன்றால் வகுத்தால் மீதி ஒன்றேதான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அருள், நானேதான் பார்த்தேன். இது முன்பே தெரிந்திருந்தால், பதினொன்றால் வகுத்து மீதி ஒன்று வருகிற எண்களை மட்டும் பார்த்திருந்தால், நான் எழுதிய பத்துப் பக்கத்தில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கவே வேண்டாம். மாட்டுக்கு எழுதிய 8,011 உட்பட. அதற்கு மீதி மூன்று. ஆனால் மாடு சினை பிடித்தது, அதற்கு நான் என்ன செய்ய?

உடனே கயலுக்குத்தான் போன் பண்ணினேன். எல்லா எண்களையும் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு, "ஏன் அத்தை அப்படி?" என்றாள். "தெரியலையே" என்றேன். "பாத்துச் சொல்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம். கல்யாணம் முடிஞ்சு வர்றேன், உக்காந்து யோசிப்போம்" என்றாள். நான் இதற்குள் பதினேழு ஒன்றை எடுத்துவிட்டேன். பதினேழால் வகுத்து மீதி ஒன்று வருகிற எண்கள் மட்டும்தான், வேலை குறைவு, இந்த முறை சீக்கிரம் முடிந்துவிடும்.

இதைப் படித்த கையோடு நீ கம்ப்யூட்டரைத் திறப்பாய் என்று எனக்குத் தெரியும். திறந்துகொள், உன்னைத் தடுக்க முடியாது. ஆனால் அதில் என்ன வந்தாலும் என்னிடம் சொல்லாதே, கயலிடமும் சொல்லாதே. ஏன் மீதி ஒன்று வருகிறது என்று தெரிந்தாலும் சொல்லாதே. தாங்க முடியவில்லை என்றால் உங்கப்பாவிடம் சொல்லிவிடு. அவர் வயிற்றில் இப்போது இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அம்மா